மெக்டவல் கவுண்டி: ஆட்கள் போன பிறகு எஞ்சிய கணக்கு

ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது மெக்டவல் கவுண்டி. மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகைத்தான் அங்கே கவுண்டி என்கிறார்கள். இதன் பரப்பு ஏறத்தாழ 535 சதுர மைல், தலைநகர் வெல்ச். 1950 கணக்கெடுப்பில் இங்கே 98,887 பேர் இருந்தார்கள். 2020-இல் 19,111 பேர். எழுபது ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் குறைந்துவிட்டார்கள். இடையில் போரோ பஞ்சமோ வரவில்லை. நிலக்கரி தீர்ந்துபோகவும் இல்லை. எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கரி இன்றைக்கும் இங்கிருந்து ரயிலேறுகிறது.

பொருள் வெளியேறிக்கொண்டே இருந்த ஓரிடத்தில் மனிதர்கள் ஏன் நிலைக்கவில்லை என்பதும், அந்த இடத்தைப் பற்றி வரும் புள்ளிவிவர அட்டவணைகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் இந்த ஆய்வின் இரண்டு கேள்விகள். பொதுவாழ்வில் இருந்தவர்களைத் தவிர எவர் பெயரும் இங்கே இல்லை.

பின்னணி: ரயில் வந்ததும் எழுந்த ஊர்கள்

1858-இல் கவுண்டி உருவானபோது அது வெறும் மலைக்காடு. 1880-இல்கூட 3,074 பேர்தான். 1888-இல் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டதும் நிலைமை மாறியது. இந்த மலைகளுக்கு அடியில் கிடந்த போகஹாண்டஸ் படுகையின் கரி புகை குறைந்தது, எஃகு உலைக்கு வேண்டிய கோக் என்ற சுட்ட கரி தயாரிக்க ஏற்றது. கடற்படைக் கப்பல்களுக்கும் எஃகு உலைகளுக்கும் அது தேவைப்பட்டது. 1910-இல் மக்கள்தொகை 47,856 ஆனது, 1930-இல் 90,479-ஐத் தொட்டது.

நிலம் யார் கையில் போனது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். ரயில் வருவதற்கு முன்பே வெளியூர் முதலீட்டாளர்கள் மலைகளை வாங்கிக் குவித்திருந்தார்கள். 1901-இல் அந்தப் பெருநிலத்தை ரயில் நிறுவனமே தன் துணை நிறுவனத்தின் வழியாக வாங்கிக்கொண்டது. சுரங்கம் நடத்தியவர்கள் பெரும்பாலும் குத்தகைதாரர்கள்தான். அவர்கள் டன்னுக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரருக்குக் கட்டினார்கள், ஏற்றிப்போக ரயிலுக்குக் கட்டினார்கள், மிச்சத்தை லாபமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த மூன்று பணமும் கவுண்டிக்கு வெளியேதான் போய்ச் சேர்ந்தது. உள்ளூரில் நின்றது கூலி ஒன்றுதான். அதிலும் ஒரு பகுதியைக் கம்பெனி டோக்கனாகக் கொடுத்து, கம்பெனிக் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வீடு, தண்ணீர்க் குழாய், மருத்துவர், தேவாலயக் கட்டடம் எல்லாமே கம்பெனியுடையவை. யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம் எழுப்பிய ஊருக்கு அதன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தார்கள்.

வேலைக்கு வந்தவர்கள் மூன்று திசையிலிருந்து வந்தார்கள். சுற்று மலைகளின் வெள்ளை விவசாயிகள், இத்தாலி, ஹங்கேரி, போலந்திலிருந்து கப்பலேறியவர்கள், தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வந்த கறுப்பினத்தவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மக்கள்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்திருந்தாலும், பக்கத்து வர்ஜீனியாவில் கிடைக்காத ஓட்டுரிமை அவர்களுக்கு இங்கே இருந்தது. முதல் உலகப்போரில் பணியாற்றிய கறுப்பினப் படைவீரர்களுக்காக 1928-இல் கிம்பால் ஊரில் எழுந்த நினைவுக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

சங்கம் சேரும் உரிமை எளிதில் கிடைக்கவில்லை. 1921 ஆகஸ்ட் 1 அன்று, தொழிலாளர் பக்கம் நின்ற காவல் அதிகாரி சிட் ஹாட்ஃபீல்டை வெல்ச் நீதிமன்றப் படிக்கட்டில் வைத்துக் கம்பெனித் துப்பறிவாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவுதான், சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதமேந்திப் போராடிய பிளேர் மலைப் போருக்குப் பொறி. சங்கம் இங்கே உறுதியாகக் காலூன்றியது 1933-க்குப் பிறகு.

1950: உச்சத்தில் எடுத்த முடிவு

மக்கள்தொகை உச்சத்தைத் தொட்ட அதே ஆண்டு, ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜான் எல். லூயிஸும் சுரங்க முதலாளிகளும் நாடு தழுவிய ஓர் உடன்படிக்கை செய்தார்கள். கூலி உயரும். ஒவ்வொரு டன்னுக்கும் 30 சென்ட் மருத்துவ, ஓய்வூதிய நிதிக்குப் போகும். பதிலுக்கு, இயந்திரங்கள் வருவதைச் சங்கம் தடுக்காது.

லூயிஸின் கணக்கு புரியாததல்ல. எண்ணெயும் எரிவாயுவும் கரியின் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீடுகளைச் சூடாக்கவும் ரயில் எஞ்சின் ஓட்டவும் கரி வேண்டாம் என்ற காலம் தொடங்கிவிட்டது. குறைவான ஆட்கள், ஆனால் நல்ல கூலி, பாதுகாப்பான முதுமை என்பதை அவர் வெளிப்படையாகவே ஆதரித்தார். அவர் கணக்கில் வராதது ஒன்றுதான்: வேலை போனவர் இருந்த ஊரில் மாற்று வேலை எதுவும் இல்லை. நிலம் கம்பெனியுடையது. சமதரை என்று பார்த்தால் ஓடைக்கரைதான். இன்னொரு தொழில் தொடங்க இடமே கிடையாது.

தொடர்ந்து வெட்டித் தள்ளும் இயந்திரம் வந்ததும், மண்வாரியால் கரியைக் கையால் வாரி வண்டியில் ஏற்றியவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். அந்த வேலையில் கறுப்பினத்தவர் மிகுதி. அவர்கள் டெட்ராய்ட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் குடும்பத்தோடு கிளம்பினார்கள். 1960-இல் மக்கள்தொகை 71,359. பத்தே ஆண்டில் 27,500 பேர் குறைந்தார்கள்.

அந்தப் பத்தாண்டில் இன்னொன்றும் நடந்தது. அதன் பலன் இன்றுவரை தொடர்கிறது. கம்பெனிகள் தங்கள் வீடுகளைக் குடியிருந்த தொழிலாளர்களுக்கே மலிவாக விற்றுவிட்டுப் பராமரிப்புச் செலவிலிருந்து கழன்றுகொண்டன. வீடு சொந்தமானது. அடியில் ஓடிய பழைய குழாய்க்கு மட்டும் பொறுப்பாளர் இல்லாமல் போனது.

1961: உணவுக் கூப்பன்

1960 தேர்தலுக்காக ஜான் கென்னடி இந்த மலைகளைச் சுற்றி வந்திருந்தார். பதவியேற்றதும் அவர் அரசு உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது இந்தக் கவுண்டியில்தான். 1961 மே 29 அன்று, வேலையில்லாத சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் மனைவியோடு வெல்ச்சுக்கு வந்து 95 டாலர் மதிப்புள்ள கூப்பன்களைப் பெற்றார். வீட்டில் மொத்தம் பதினைந்து பேர். வேளாண் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமன் நேரில் வந்திருந்தார். கூப்பனை வைத்து அவர்கள் கடையில் முதலில் வாங்கியது பன்றி இறைச்சி சேர்த்த பீன்ஸ் டப்பா ஒன்று.

அன்றைய விதிப்படி கூப்பன் இனாம் அல்ல. குடும்பம் வழக்கமாகச் சாப்பாட்டுக்குச் செலவிடும் தொகையைக் கட்டினால், அதைவிடக் கூடுதல் மதிப்புக்குக் கூப்பன் கிடைக்கும். கையில் ரொக்கமே இல்லாதவருக்கு இது பெரிய தடை. 1977 சட்டம்தான் அந்தப் பணம் கட்டும் விதியை நீக்கியது.

கூப்பன் பசியைத் தணித்தது, வேலையைக் கொண்டுவரவில்லை. அதைக் கொண்டுவரும் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் பின்னாளில் "இத்தனை ஆண்டு உதவி கொடுத்தும் கவுண்டி எழவில்லையே" என்று எழுதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள்.

1970-களின் மூச்சும் 1986-இன் அடியும்

1970-இல் 50,666. 1980-இல் 49,899. எண்ணெய் நெருக்கடியால் கரி விலை ஏறிய அந்தப் பத்தாண்டில் மட்டும் மக்கள்தொகை கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. இளைஞர்கள் பள்ளி முடித்த கையோடு சுரங்கத்துக்குப் போனார்கள், நல்ல சம்பளம் வாங்கினார்கள். நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கேட்டு 1969-இல் மாநிலம் முழுக்க நடந்த வேலைநிறுத்தமும், அதே ஆண்டு வந்த கூட்டாட்சிச் சுரங்கச் சட்டமும் முதியவர்களுக்கு ஒரு வருமானத்தைத் தந்தன.

என் பார்வையில், கவுண்டிக்கு மிகப் பெரிய கெடுதல் செய்தது இந்த நல்ல காலம்தான். மாற்றுத் தொழில் தேட வேண்டிய பத்தாண்டு அது. கையில் காசு புரண்டபோது எவருக்கும் அந்த அவசரம் தோன்றவில்லை.

1980-களில் அமெரிக்க எஃகுத் தொழில் சரிந்தது. 1986-இல் யு.எஸ். ஸ்டீல் கேரி பகுதிச் சுரங்கங்களை மூடியபோது 1,200-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே வீச்சில் வேலை போனது. 1990-இல் மக்கள்தொகை 35,233. இந்த முறை 29% சரிவு, 1950-களைவிடச் சற்றே அதிகம். இரண்டு சரிவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1950-களில் கிளம்பியவர்களுக்கு வடக்கே கார்த் தொழிற்சாலைகள் காத்திருந்தன. 1980-களில் அந்த நகரங்களே ஆட்குறைப்பு செய்துகொண்டிருந்தன. போக இடம் இருந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள் விற்க முடியாத வீட்டோடு நின்றார்கள்.

2001 முதல் 2010: வெள்ளம், பள்ளி, சிறை

2001 ஜூலை 8 அன்றும், பத்து மாதம் கழித்து 2002 மே 2 அன்றும் திடீர் வெள்ளம் வந்தது. குறுகிய பள்ளத்தாக்கில் ஓடை, சாலை, தண்டவாளம், வீடு நான்கும் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர்கள் இவை. முதல் வெள்ளத்துக்குப் பிறகு சீர்செய்த வீடுகளே இரண்டாவதில் மறுபடி போயின. ஒரே ஆண்டுக்குள் இருமுறை சேறு வாரியவர்களில் ஒரு பகுதியினர் அரசு விலைக்கு வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

2001-லேயே மாநிலக் கல்வி வாரியம் கவுண்டிப் பள்ளிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உள்ளூர் வாரியத்தால் தரத்தைக் காக்க முடியவில்லை என்பது காரணம். 2013 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அது திரும்ப ஒப்படைக்கப்படவில்லை.

வேலைவாய்ப்புக்கு எடுத்த பெரிய முடிவு சிறைதான். 2010-இல் வெல்ச்சுக்கு அருகே நடுத்தரப் பாதுகாப்புக் கூட்டாட்சிச் சிறை ஒன்று திறந்தது. வெல்ச்சில் மாநிலச் சிறை ஏற்கெனவே இருந்தது. காரணம் தெளிவு: சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அரசு வேலை நிற்கும். ஆனால் கூட்டாட்சிச் சிறைக் காவலராகப் புதிதாகச் சேர அப்போது 37 வயதுக்குள் இருக்க வேண்டியிருந்தது. பின்னணி விசாரணையும் கடன் வரலாற்றுச் சோதனையும் உண்டு. சுரங்கத்தில் இருபது ஆண்டு உழைத்து வேலை இழந்த ஒருவர் முதல் விதியிலேயே அடிபட்டுப் போவார். வயதுக்குள் இருந்த இளைஞர் பலருக்குக் கடன் பதிவு தடையானது. மலைக்கு அப்பால் மெர்சர் கவுண்டியில் வீடு வைத்துக்கொண்டு, அங்கிருந்து காரில் வந்துபோவது காவலர்களுக்கு வசதியாக இருந்தது. சம்பளம் இங்கே, செலவு அங்கே.

கவனித்தவை: அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

2010-களின் நடுவில் மெக்டவலைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும் அது நாட்டின் கடைசி வரிசையில் நின்றது. வறுமைக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒருவர். நடுநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலருக்கும் கீழே, அதாவது நாட்டின் அளவில் பாதிகூட இல்லை. 16 வயதைக் கடந்தவர்களில் வேலை செய்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்தே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தனிநபர் வருமானமாகக் கவுண்டிக்குள் வந்த பணத்தில் கிட்டத்தட்டப் பாதி ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, மருத்துவக் காப்பீடு, உணவு உதவி போன்ற அரசுக் கொடுப்பனவுகள். 2010 நிலவரப்படி ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 ஆண்டுகள், நாட்டிலேயே மிகக் குறைவு. 350 மைல் தள்ளி, வாஷிங்டன் நகரை ஒட்டிய ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் அது 81.7. வலிநிவாரணி மாத்திரைகளில் தொடங்கி ஹெராயினில் முடிந்த போதைச் சாவுகளிலும் கவுண்டி முன்வரிசையில் இருந்தது.

இந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அப்படியே எடுத்து ஒட்டினால் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

முதலில் வகுக்கும் எண். அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஏப்ரல் 1 அன்று ஒருவர் வழக்கமாக எங்கே படுத்து எழுகிறாரோ அதுதான் அவர் ஊர். நாட்டின் எந்த மூலையிலிருந்து வந்த சிறைவாசியும் மெக்டவல்வாசியாகவே எண்ணப்படுகிறார். 2020-இன் 19,111-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்டவர்கள். உழைப்பில் ஈடுபடுவோர் விகிதத்தைக் கணக்கிடும்போது இவர்கள் வகுக்கும் எண்ணுக்குள் இருக்கிறார்கள், வகுபடும் எண்ணில் இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு: 16 வயதைக் கடந்தோர் 15,000, அவர்களில் உழைப்பில் இருப்போர் 4,800 என்றால் விகிதம் 32%. அந்த 15,000-இல் 1,500 பேர் சிறையில் இருப்பவர்கள் என்று தெரிந்து கழித்தால் அதே 4,800 பேர் 35.6% ஆகிறார்கள். அப்போதும் குறைவுதான். என்றாலும் "வேலைக்கே போகாத மக்கள்" என்று தலைப்பு போடுவதற்கு முன் இந்தக் கழித்தலைச் செய்திருக்க வேண்டும். வறுமை விகிதத்திலும் குடும்ப வருமானத்திலும் சிறைவாசிகள் சேர்வதில்லை. ஆக, ஒரே பக்கத்தில் அச்சாகும் மூன்று எண்கள் இரண்டு வெவ்வேறு மக்கள்கூட்டத்தைப் பற்றியவை. வயதுக் கோபுரப் படத்தில் 25 முதல் 45 வயது வரை ஆண்கள் பக்கம் புடைத்துத் தெரிவதும் இதனால்தான். வாலிபர்கள் திரும்பி வருகிறார்கள் என்று அதை வாசித்தால் போச்சு.

அடுத்தது சொந்த வீடு. குடியிருக்கும் வீடுகளில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சொந்த வீடு. இது நாட்டின் அளவைவிட அதிகம். வேறு எந்தக் கவுண்டியில் இப்படி ஒரு எண் வந்தாலும் வளமை என்று எழுதியிருப்பார்கள். இங்கே அது கம்பெனி விற்றுவிட்டுப் போன மரவீடுகளின் கணக்கு. விலை போகாத வீடு, விட்டுப் போகவும் மனம் வராத வீடு. அதே சமயம் வாடகைக்கு நல்ல வீடு தேடினால் கிடைக்காது.

மூன்றாவது, கரி. சுரங்கங்கள் முழுவதும் மூடிவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. எஃகுக்கான கரிச் சந்தை ஏறும்போது ஆள் எடுக்கிறார்கள், இறங்கும்போது நிறுத்துகிறார்கள். வேலை நடக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் அட்டவணையில் அந்தச் சம்பளம் மெக்டவலுக்குச் சேரும், தொழிலாளி வசிக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் அட்டவணையில் பக்கத்துக் கவுண்டிக்குச் சேரும். எந்த அட்டவணை என்று பார்க்காமல் எடுத்த எண்ணால் கவுண்டியைப் பணக்காரனாகவும் காட்டலாம், பரதேசியாகவும் காட்டலாம்.

எந்த வழக்கமான அட்டவணையிலும் இல்லாத எண் ஒன்று உண்டு. மாநிலத்தின் நில உடைமை பற்றி 2013-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தக் கவுண்டியின் தனியார் நிலத்தில் பாதிக்குக் குறையாமல் பத்துப் பெரிய உடைமையாளர்களின் கையில் இருந்தது. மக்கள்தொகை விவரம் கேட்பவர் எவரும் இதைக் கேட்பதில்லை.

பள்ளியிலிருந்து தொடங்கிய முயற்சி

2011 இறுதியில், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு மாநில அரசோடும் வேறு பல அமைப்புகளோடும் சேர்ந்து கவுண்டியை மீட்கும் ஒரு கூட்டுத் திட்டத்தை அறிவித்தது. மாநிலக் கல்வி வாரியத்தில் இருந்த ஒருவர் கேட்டுக்கொண்டதால் தொழிற்சங்கம் உள்ளே வந்தது. பத்தாண்டாகப் பள்ளிகளை நடத்தியும் பலனில்லாத அரசு ஒரு தொழிற்சங்கத்தைக் கூப்பிட்டது அமெரிக்க அரசியலில் அரிதான காட்சி.

வகுப்பறையை மட்டும் திருத்தினால் போதாது என்பது அவர்களின் முதல் முடிவு. கூட்டமைப்பு அடிக்கடி எடுத்துச் சொன்ன கணக்கின்படி, கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள் பெற்ற தாய்தந்தையோடு வாழவில்லை. சாவு, சிறை, போதை, வெளியூர் வேலை என்று பல காரணங்கள். எழுபது வயதுப் பாட்டி ஆறு வயதுப் பேரனுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும் வீடுகள் அவை. ஆகவே பள்ளிக்குள்ளேயே மருத்துவம், மனநல ஆலோசனை, உணவு என்று கொண்டுவந்தார்கள்.

ஆசிரியர் பற்றாக்குறைதான் உண்மையான முடிச்சு. புதிதாக வரும் இளம் ஆசிரியருக்கு வாடகை வீடு கிடையாது. மெர்சர் கவுண்டியில் தங்கி வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் தினமும் வந்துபோவார், ஒரு பனிக்காலம் முடிந்ததும் அங்கேயே வேலை தேடிக்கொள்வார். அனுபவம் சேரும் நேரத்தில் ஆள் போய்விடும். எனவே வெல்ச் நகர நடுவில் பாழடைந்த பழைய கட்டடங்களை இடித்துவிட்டு, ஆசிரியர்களுக்கென்று அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுவது என்று தீர்மானித்தார்கள். நிதி பல இடங்களிலிருந்து திரட்ட வேண்டியிருந்தது. வெல்ச்சில் புதுக் கட்டடம் எழுந்து நெடுங்காலம் ஆகியிருந்தது, வங்கிகளுக்கு ஒப்பிட விலையே இல்லை. பேச்சு தொடங்கியதற்கும் கட்டடம் எழுந்ததற்கும் நடுவே ஏறத்தாழ பத்தாண்டு ஓடிவிட்டது.

பள்ளியை முடிப்போர் விகிதம் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தது, சில ஆண்டுகளில் 80%-ஐக் கடந்தது. இதைத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லலாம், சொல்லவும் செய்தார்கள். ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு உள்ளூரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. நன்றாகப் படித்த பிள்ளை இன்னும் சீக்கிரமாகக் கிளம்பும். பள்ளியின் வெற்றி மக்கள்தொகை அட்டவணையில் இழப்பாகவே பதிவாகும்.

2016: கடை மூடிய மாதம்

2016 ஜனவரியில் வால்மார்ட் உலகெங்கும் 269 கடைகளை மூடுவதாக அறிவித்தது. கிம்பாலில் இருந்த பெரிய கடையும் அதில் ஒன்று. அது திறந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு அங்கே வேலை இருந்தது, கவுண்டியின் மிகப் பெரிய வேலைதருபவர்களில் ஒன்று.

வேலை போனது வெளிப்படையான இழப்பு. இரண்டு இழப்புகள் மெல்லத்தான் தெரிந்தன. கவுண்டியில் ஏழைகளுக்கு உணவு வழங்கிவந்த ஒரு தொண்டுக் கிடங்கு, விற்பனைத் தேதி நெருங்கிய இறைச்சியையும் காய்கறியையும் இந்தக் கடையிலிருந்துதான் பெரும்பகுதி பெற்று வந்தது. கடை மூடியதும் வரத்து நின்றது, வரிசையில் நிற்போர் எண்ணிக்கை கூடியது. அதை நடத்தியவர்கள் புதிய நன்கொடையாளர்களைத் தேடி மாநிலத்துக்கு வெளியேவும் அலைய வேண்டியிருந்தது. இன்னொன்று, பெரிய கடை வந்தபோது நசிந்துபோன சிறு மளிகைக் கடைகள் அது போனபோது திரும்பி வரவில்லை. புதிய காய்கறி வேண்டுமானால் மலையைக் கடந்து ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கார் இல்லாதவர் டாலர் கடையில் டப்பா உணவு வாங்குவார். நீரிழிவும் இதயநோயும் மலிந்த இடத்தில் இது சாதாரண சங்கதி இல்லை.

1986-ஐயும் 2016-ஐயும் அருகருகே வைத்தால் ஒரே அமைப்பு தெரிகிறது. ஊரின் பெரும்பகுதி சாய்ந்து நிற்கும் ஒரே நிறுவனம், முடிவு வேறு மாநிலத்து அலுவலகத்தில், மூடும்போது மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. எஃகுக் கம்பெனி போய்ப் பல்பொருள் அங்காடி வந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

அதன் பின்

மலைச் சரிவுகளில் நான்கு சக்கர வண்டி ஓட்டும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்கள் கவுண்டிக்குள் வந்தபிறகு, விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் சேறு படிந்த வண்டிகளோடு வெல்ச் தெருவில் தென்படுகிறார்கள். நில நிறுவனங்களிடமிருந்து அனுமதி வாங்கி மாநில ஆணையம் ஒன்று தடங்களை நடத்துகிறது. பழைய வீடுகளைச் சீர்செய்து வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரர்களுக்கு இது வருமானம். சம்பளம் சுரங்கத்துக்கு ஈடாகாது, பருவத்தைப் பொறுத்தது. ஆனாலும் லாபத்தின் ஒரு பகுதி உள்ளூரில் நிற்கும் முதல் தொழில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் இன்னும் தீரவில்லை. கம்பெனிகள் போட்டுவிட்டுப் போன குழாய்களை ஒவ்வோர் ஊராகக் கவுண்டியின் பொதுச் சேவை வாரியம் ஏற்றுப் புதுப்பித்து வருகிறது. கீஸ்டோன் ஊரில் "காய்ச்சிக் குடிக்கவும்" என்ற அறிவிப்பு பல ஆண்டுகள் நீக்கப்படாமலே இருந்தது. சாலையோர ஊற்றில் பிளாஸ்டிக் கேன்களைப் பிடித்து வண்டியில் ஏற்றிப் போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஊரில் ஆள் குறையக் குறைய ஒரு வீட்டுக்கு விழும் குழாய்ச் செலவு கூடுகிறது. நூறு வீடு கட்டிய பணத்தில் ஓடிய குழாயை முப்பது வீடு தாங்க வேண்டும்.

2025 பிப்ரவரி நடுவில் மறுபடி வெள்ளம். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 2001-க்குப் பிறகும் அதே ஓடைக்கரையில் வீடுகள் இருந்ததற்குக் காரணம் மக்களின் பிடிவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. மேட்டு நிலம் யாருடையது என்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

மாற்ற வேண்டியவை

கவுண்டிக்குத் திட்டம் போடுபவர்கள் வரிசையைத் திருப்ப வேண்டும். இதுவரை முதலில் பெரிய வேலைதருபவர், அவர் வந்தபின் வீடும் தண்ணீரும் என்றிருந்தது. ஆசிரியர் குடியிருப்பு காட்டியது இதற்கு எதிரான வழி. வேலை ஏற்கெனவே இருந்தது, தங்க இடம்தான் இல்லை. செவிலியர், சிறைக் காவலர், சாலைப் பணியாளர் என்று கவுண்டிக்கு வெளியே தூங்கும் சம்பளங்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் எத்தனை பேர் வீடு கிடைத்தால் உள்ளே வருவார்கள் என்று முதலில் பார்க்கலாம். சிறை போன்ற ஒன்றுக்கு இடம் கொடுக்கும் முன், வயது வரம்பும் கடன் சோதனையும் உள்ளூரில் எத்தனை பேரைக் கழித்துவிடும் என்று எண்ணிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை.

நிலத்தில் கைவைக்காமல் வெள்ளப் பிரச்சினை தீராது. வெள்ளமட்டத்துக்கு மேலே சில நூறு ஏக்கர் வீட்டுமனையாகக் கிடைத்தாலே போதும். அதற்குப் பெருநில உடைமையாளர்களோடு மாநில அரசு பேச வேண்டும். கவுண்டி நிர்வாகத்துக்கு அந்த அளவு பலம் இல்லை.

இத்தகைய இடங்களைப் பற்றி விவரக்குறிப்பு எழுதுபவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சிறைவாசிகளைத் தனி வரியில் காட்டுங்கள். வேலைக் கணக்கு வேலையிடத்தைச் சார்ந்ததா, வசிப்பிடத்தைச் சார்ந்ததா என்று ஒரு வார்த்தை சேருங்கள். 65 ஆயிரத்துக்குக் குறைவான மக்கள் உள்ள கவுண்டிகளுக்கு வருமான எண்கள் ஐந்தாண்டு மாதிரிகளின் சராசரியாகத்தான் வெளிவருகின்றன, எனவே ஒரே ஆண்டில் நடந்த கடைமூடலோ வெள்ளமோ அதில் கரைந்துவிடும் என்பதையும் குறிப்பிடுங்கள். நில உடைமைக்கு ஓர் அட்டவணை வையுங்கள்.

அண்மைய அரசு மதிப்பீடுகள் மெக்டவலின் மக்கள்தொகையை 18 ஆயிரத்துக்கும் கீழே வைக்கின்றன. சிறைவாசிகள் அந்த எண்ணிலும் சேர்ந்தேதான் இருக்கிறார்கள்.